மண்ணீரல் விட்டுவைத்த பிள்ளை

"மெதுவாக் குத்துங்க சிஸ்டர், உள்ள பிள்ளை தூங்குதுல்லா."

வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி சொன்னது அது. சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றோடு வந்து நின்றவள். முன்னால் ஸ்டூலில் கையை நீட்டி உட்கார்ந்திருந்த சண்முகக்கனிக்கு அவள் சொந்தமும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. ஆனாலும் ஆலடிப்பாறை அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் அந்தப் பேச்சைக் கேட்டு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிஸ்டர் "சரிம்மா" என்று ஊசியை இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள், சண்முகக்கனி கண்ணை மூடிக்கொண்டாள், வரிசை ஓர் ஆள் அளவு நகர்ந்தது. படியில் நிற்காதே என்று கண்டக்டர் சொல்வதைப் போல, மழை வருகிறது துணியை எடு என்று எதிர் வீட்டில் சொல்வதைப் போல, அந்த ஊரில் அதுவும் ஒரு பேச்சாகிவிட்டிருந்தது.

அப்படி ஆவதற்கு முன்னால் நடந்தது இது. சண்முகக்கனியும் அவள் புருஷன் செல்லத்துரையும் மகள் முத்துப்பேச்சியும் அம்மன் கோயில் கொடைத் திருவிழா பார்த்துவிட்டு ஒரு காலை வேளையில் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை முன்னால் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார்ந்து கொடையில் வாங்கிய ஊதலை ஊதிக்கொண்டே வந்தாள். கல்குவாரி வளைவில் லாரிகள் சிந்திவிட்டுப் போன பொடி மணலில் வண்டி சறுக்கியது. செல்லத்துரைக்கு முழங்காலில் தோல் வழன்றது. சண்முகக்கனிக்கு இடப்பக்க விலாவில் அடிபட்டு உள்ளே மண்ணீரல் சிதறிப்போய், திருநெல்வேலியில் வயிற்றைத் திறந்து அதை எடுத்துப்போட்டு உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். ஆறு வயது முத்துப்பேச்சி மணலிலேயே போய்விட்டாள். தாய்க்கு நினைவு திரும்பியபோது பிள்ளையைப் புதைத்த இடத்தில் செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. கடைசியாக ஒருதரம் முகம் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, திட்டவும் இல்லை. சோற்றுத் தட்டை அவன் உட்காரும் இடத்துக்கு முன்னால் வைப்பாள், குழம்பு ஊற்றுவாள், பீடி இலை வெட்டப் போய்விடுவாள்.

சில மாதம் கழித்துக் காய்ச்சல் என்று வந்தவளின் ரத்தம் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. நான் அப்போது அங்கே பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். எங்களுக்கெல்லாம் மூத்தவர் ரெஜினாக்கா. நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்தால் தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை எழுந்திருக்க மாட்டார். "சிவப்பணுவுக்குள்ள ஒண்ணுமே இருக்கக் கூடாதுட்டி. அது ஆளில்லாத வீடு. உள்ள ஏதாவது கெடந்தா, வந்தது யாருன்னு சொல்லத்தான் கவர்மென்டு நமக்குச் சம்பளம் தருது" என்பார். மோதிரம்போல் வளைந்து ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தால் மலேரியா. அணு முழுக்க நீலத் தூள் தூவியதுபோல் இருந்தால் ஈயம் உடம்பில் ஏறியிருக்கலாம். ஓர் ஓரமாக நாலைந்து புள்ளி கூடிக் கிடந்தால் இரும்பு. ஊதா நிறத்தில், உருண்டையாக, ஒற்றையாக ஒரு புள்ளி இருந்தால் அது ஹாவெல்-ஜாலி புள்ளி. அந்த ஆளுக்கு மண்ணீரல் இல்லை என்று எழுந்து போய் டாக்டரிடம் சொல்ல வேண்டும். எலும்பு மஜ்ஜையை விட்டுக் கிளம்பும்போது சிவப்பணு தன் கருவை வெளியே தள்ளிவிட்டுத்தான் வரும். சிலது அவசரத்தில் ஒரு துணுக்கை உள்ளேயே விட்டுவிடும். மண்ணீரல் ஒவ்வோர் அணுவையும் நெருக்கிப் பிடித்து, அந்தத் துணுக்கை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு, போ என்று அனுப்பிவைக்கும். மண்ணீரல் போனவர்களுக்குப் பொறுக்குவதற்கு ஆளில்லாததால் விட்டது விட்டபடி ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

சண்முகக்கனிக்கு அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தே ரெஜினாக்கா கண்ணாடித் தட்டில் தேய்த்த ரத்தப் பூச்சைச் சாயத்தில் போட்டு, கழுவி, காயவைத்து, எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பார்த்தார். ஊதா நிறம் இருந்தது, ஒற்றையாக இருந்தது, ஆனால் உருண்டையாக இல்லை. ஓர் அணுவுக்குள் முத்துப்பேச்சி முழங்காலைத் தாடையோடு சேர்த்து, கன்னத்துக்கு அடியில் ஒரு கையை வைத்து ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நாலு அணு தள்ளிக் குத்தவைத்துச் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மற்ற அணுக்கள் எல்லாருக்கும் இருப்பதைப் போல வெறுமையாக இருந்தன. ரெஜினாக்கா சாயத்தை மாற்றிப் புதிதாக ஒரு பூச்சு போட்டார். அதில் அவள் காதைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

டாக்டர் ஜெய்லானி வந்து குனிந்து பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரிப்போர்ட்டுல இதுக்குக் கட்டம் இல்லையே, ரெஜினா."

"அதான் சார், எதுல எழுத?"

"ஹாவெல்-ஜாலி உண்டுன்னு போடுங்க. போட்டுட்டு அந்தம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுங்க. அவுங்க பிள்ளை, நாம பாத்துட்டு அவுங்களுக்குக் காட்டாம இருந்தா எப்படி?"

சண்முகக்கனி கண்ணை வைத்துப் பார்த்தாள். அழுவாள் என்று நாங்கள் தண்ணீர் எடுத்து வைத்திருந்தோம். அவள் அழவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "தலை பின்னாம அலையுதா" என்று மட்டும் சொன்னாள். பிறகு, "அடுத்த கிழமையும் வரலாமா மேடம்?" என்று கேட்டாள்.

திங்கள்தோறும் வந்தாள். முதல் திங்கள் அவள் தெருக்காரப் பெண்கள் துணைக்கு வந்தார்கள், அடுத்த திங்கள் பீடிக் கம்பெனியில் இலை வாங்க நின்ற எல்லாரும் வந்தார்கள், அதற்கடுத்த திங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளைக் கைகோத்து நடத்திக் கூட்டிவந்து ஒவ்வொருவரையாக ஸ்டூலில் ஏற்றிக் காட்டினார். ஒரு பிள்ளை இறங்க மறுத்து, "டீச்சர், இவ என் ரப்பரைத் தரவேயில்ல" என்று புகார் சொன்னது. டீச்சர் அதன் தலையைத் தடவி, "தருவா, தருவா" என்றார். பஸ்ஸில் சண்முகக்கனிக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். வேகத்தடை வந்தால் டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு மெதுவாக ஏற்றி இறக்கினார். "உள்ள இருக்க பிள்ளைக்கி அரை டிக்கெட் போடலையா?" என்று ஒரு கிண்டல்காரர் கேட்டதற்கு, "எங்க ரூட்ல கையில இருக்க பிள்ளைக்கே டிக்கெட் கெடையாது, உமக்கு வேணும்னா கால் டிக்கெட் சேத்துப் போடுதேன்" என்றார் கண்டக்டர். பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் கேட்டார்கள். படைத்தவனுக்கு வைக்கத் தெரியாத இடம் இல்லை என்று சொல்லிவிட்டு தொழுகைக்கு ஒழுச் செய்யப் போனார். பிள்ளை போய் ஒரு வருஷம் ஆனபோது செல்லத்துரையின் அண்ணன்மார் திதி செய்ய வேண்டும் என்றார்கள். ஊர்ப் பெண்கள், "செருப்பு மாட்டிகிட்டு இருக்க பிள்ளைக்கி எப்படிய்யா செய்வீய?" என்று கேட்டதும் வாங்கிய தேங்காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பிறகு ஊரே தத்தம் கையை நீட்டிக்கொண்டு வந்தது. துபாயில் இறந்து பெட்டியில் வந்த மகனைத் தேடி ஒருத்தி, கிணற்றில் விழுந்த தங்கையைத் தேடி ஒருவர். எல்லாருக்கும் ரெஜினாக்கா பொறுமையாகப் பூச்சுப் போட்டுப் பார்த்தார். எல்லாருடைய அணுக்களும் துடைத்துவைத்த பாத்திரம்போல இருந்தன.

"உங்களுக்கு மண்ணீரல் நல்லா வேலை செய்யுது, அண்ணாச்சி. அதான் யாருமில்ல" என்று மளிகைக்கடைக் கோமதிநாயகத்திடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"அப்ப என் பெஞ்சாதிய நானேதான் தொரத்திவிட்டுருக்கேங்கீய?"

"நீங்க இல்ல அண்ணாச்சி, மண்ணீரல்."

"அது யாரு வயித்துல இருக்கு? என் வயித்துலதான?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு கடையில் நிற்கும்போதெல்லாம் இடப்பக்க விலாவைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் அப்படி நடந்தார்கள். மண்ணீரல் என்ற சொல்லைச் சண்டையில் வசவாகவும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஒரே ஓர் ஆள் மட்டும் பார்க்க வரவில்லை. செல்லத்துரை ஒவ்வொரு திங்களும் மனைவியோடு அதே பஸ்ஸில் பின்சீட்டில் வந்து, ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரைக்கு அடியில் நின்று, அவள் வெளியே வந்ததும் பத்தடி பின்னால் நடந்து போவான். வண்டியை எப்போதோ விற்றுத் தொலைத்துத் தலை முழுகியிருந்தான்.

"ஏ செல்லத்துரை, ஊரே பாக்குது, பெத்தவன் பாக்கலைன்னா பிள்ளைக்கி எப்படி இருக்கும்?" என்று பெண்கள் கேட்பார்கள்.

"எந்த மூஞ்சிய வச்சிகிட்டுப் பாக்கச் சொல்லுதீய மயினி? வண்டிய ஓட்டுனது நான்லா."

"அவ கேக்கவா போறா?"

"கேக்காமப் பாத்தா அதவிடக் கஷ்டம்லா" என்பான், தகரத்தில் ஒட்டியிருந்த விளம்பரத் தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டே.

சண்முகக்கனி இதற்குள் நுண்ணோக்கியைத் தானே கையாளப் பழகியிருந்தாள். பீடி சுற்றிய விரல்களுக்கு அந்தச் சின்னக் குமிழ் உடனே பழகிவிட்டது. ரெஜினாக்கா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததையே அவளுக்கும் சொல்லிக்கொடுத்தார். அணுவின் மேல் எதுவும் விழுந்து கிடக்கலாம். சாயத் தூசி விழும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு வந்து படுக்கும். தட்டணுவும் ஊதாதான், அணுவின் நடுவில் வந்து படுத்துக்கொண்டால் உள்ளே இருப்பதைப் போலவே தெரியும். புதிதாக வருகிற எல்லாப் பெண்களும் இந்த இடத்தில்தான் ஏமாறுவோம், ஏமாந்தவள் விரல் முட்டியில் ரெஜினாக்காவின் பென்சில் விழும். குமிழை ஒரு மயிரிழை திருப்ப வேண்டும். உள்ளே இருப்பது அணுவோடு சேர்ந்து மங்கும், அணுவோடு சேர்ந்து தெளியும். மேலே கிடப்பது அணு மங்கும்போது தனியாகப் பளிச்சென்று மின்னும். சண்முகக்கனி திருப்புவாள். முத்துப்பேச்சி அணுவோடு சேர்ந்து மங்குவாள், அணுவோடு சேர்ந்து தெளிவாள். "உள்ளதான் இருக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

மறுவருஷம் சித்திரை வாக்கில் ரெஜினாக்கா கண்ணாடித் தட்டை வெகுதூரம் நகர்த்த வேண்டியிருந்தது. முன்பெல்லாம் எண்ணெய் வைத்த இடத்திலேயே ரெண்டு மூன்று முத்துப்பேச்சி இருப்பாள்; இப்போது வெற்று அணுக்களாகத் தள்ளித் தள்ளிப் போய் எங்கோ ஓர் ஓரத்தில் ஒருத்தி கிடைத்தாள். வாரத்துக்கு வாரம் தூரம் கூடிற்று. டாக்டர் ஜெய்லானி வயிற்றுக்கு ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். முடிவு வந்ததும் சண்முகக்கனியை உட்காரவைத்துச் சொன்னார்.

"ஒடிஞ்சி விழுந்த முருங்கைக் கொம்பு மண்ணுல கெடந்து தழையுதுல்ல, அது மாதிரிம்மா. அன்னைக்கிச் சிதறுன துணுக்குல சிலது உள்ளயே ஒட்டிப் பிடிச்சி வளந்திருக்கு. உங்க மண்ணீரல் வேலைய ஆரம்பிச்சிருச்சி. உடம்பு தேறுது. நல்ல விஷயம்."

"நல்ல விஷயமா?" என்றாள் அவள்.

டாக்டர் ஸ்கேன் தாளை மடித்து உறையில் வைத்தார்.

"அறுத்து எடுத்துருங்க சார்."

"எடுக்க முடியாதும்மா. எடுக்கவும் கூடாது. அது இல்லாம ஒரு காய்ச்சல் வந்தாலே உங்க உயிருக்கு ஆபத்து."

"எம் பிள்ளையப் பொறுக்கிப் போடுத சாமானை வயித்துல வச்சிகிட்டு நான் எப்படி சார் சோறு திங்க?"

அன்றிலிருந்து அவள் சாப்பிடுவதைக் குறைத்தாள். கீரையைத் தொடவில்லை, சத்து மாத்திரையை ஆஸ்பத்திரி வாசலிலேயே போட்டுவிட்டுப் போனாள். தழைக்கிறது, முளைக்கிறது என்று பெயர் சொல்லக்கூடிய எதையும் தின்னவில்லை. ஊருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. போன வருஷம் பிள்ளைக்கும் சேர்த்து என்று ரெண்டு பங்கு சாப்பாடு கொடுத்தவர்கள் கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு அவள் வாசல்வரை போய், கொடுக்கவா வேண்டாமா என்று யோசித்துத் திரும்பினார்கள். முப்பிடாதி அம்மன் கோயிலில் செவ்வாய்க்கிழமை பெண்கள் ரெண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் தாய்க்கு உடம்பு தேற வேண்டும் என்று எலுமிச்சை விளக்கு ஏற்றியது, மறுபக்கம் தேறவே கூடாது என்று ஏற்றியது. ரெண்டு பக்கமும் ஒரே பெயருக்குத்தான் அர்ச்சனை செய்யச் சொன்னார்கள். பூசாரி யாருக்கும் மறுக்காமல் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே மணியை அடித்தார்.

பெண்கள் செல்லத்துரையிடம் போனார்கள். "இனி ரெண்டு மூணு வாரந்தான்னு சொல்லுதாவ. பெறகு நீ நெனச்சாலும் பாக்க முடியாது. பாக்காம விட்டுட்டேனேன்னு ஆயுசுக்கும் அந்தத் தகரத்துக்கு அடியிலயே நிப்பியா?" அவன் அந்தத் திங்கள் ஆய்வக வாசல்வரை வந்தான். செருப்பைக் கழற்றினான். உள்ளே மனைவியின் முதுகு தெரிந்தது, நுண்ணோக்கியில் குனிந்திருந்தது; வலது கை குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான்.

கடைசித் திங்களில் மழைக்காற்று அடித்தது. ரெஜினாக்கா பூச்சின் மேல் முனையிலிருந்து கீழ் முனைக்கும், கீழிருந்து மேலுக்குமாக உழவு ஓட்டுவதுபோல் தட்டை நகர்த்திக்கொண்டே போனார். எண்ணெய் தீர்ந்து மறுபடி வைத்தார். புதுப் பூச்சு போட்டார். பின்னால் சண்முகக்கனி முந்தானையைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள். கன்னத்து எலும்பு தெரிந்தது. வரிசையில் இருந்தவர்கள் ஜன்னலில் தலையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அணுக்கள் வெறுமையாக வந்தன, வெறுமையாகப் போயின. மூன்றாவது பூச்சின் நடுவில் ரெஜினாக்காவின் கை நின்றது. நான் அதே நுண்ணோக்கியில் பயிற்சிக்காரர்களுக்காகப் பக்கவாட்டில் இருந்த கண்ணாடியில் பார்த்தேன். ஓர் அணுவின் நடுவில் ஊதாவாக, ஓரம் பிசிர்ந்து, சுற்றி வெளிறிய கோட்டோடு ஒரு தட்டணு படுத்திருந்தது. நான் சேர்ந்த முதல் வாரத்தில் இதேபோல் ஒன்றை உள்ளே இருப்பதென்று காட்டித்தான் என் விரல் முட்டி சிவந்தது.

"அந்தா இருக்கா" என்றார் ரெஜினாக்கா.

எழுந்து ஸ்டூலை விட்டார். சண்முகக்கனி உட்கார்ந்து கண்ணை வைத்தாள். வலது கை தானாகக் குமிழுக்குப் போய் ஒரு மயிரிழை திருப்பியது. அணு மங்கியது. ஊதாப் பொட்டு மட்டும் மேலே தனியாகப் பளிச்சென்று மின்னியது. அவள் திருப்பி வைத்தாள். இன்னொருதரம் திருப்பினாள். மறுபடி மின்னியது.

கண்ணை எடுத்து ரெஜினாக்காவைப் பார்த்தாள். ரெஜினாக்கா எண்ணெய் பாட்டிலின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. ஜன்னலில் நின்ற பெண்களில் ஒருத்தி தாங்க முடியாமல், "இருக்காளாட்டி?" என்று கேட்டாள்.

சண்முகக்கனி மறுபடி கண்ணாடியில் குனிந்து நிமிர்ந்தாள்.

"இருக்கா. போத்திகிட்டுப் படுத்திருக்கா. மூஞ்சி தெரியல."

பிறகு எழுந்தாள். ஜன்னல் பெண்களை விலக்கிக்கொண்டு வராந்தாவைத் தாண்டி, தூறலில் நனைந்து, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனாள்.

"ஏங்க" என்றாள்.

செல்லத்துரை அந்தச் சத்தத்தைக் கேட்டு யாரையோ கூப்பிடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். தகரச் சுவரைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"உங்களத்தான். வாங்க, அவ தூங்குதா. இப்ப பாத்தா அவளுக்குத் தெரியாது."

அவன் வந்தான். கையை வேட்டியில் துடைத்தான், மறுபடியும் துடைத்தான். ஸ்டூலின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவள் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெஜினாக்கா எங்களை ஒரு பார்வை பார்த்தார். நாங்கள் சுவரோரமாக ஒதுங்கினோம்.

"எது கனி?"

"நடுவுல பாருங்க. ஊதாக் கலர்ல."

"இவ்வளவு சின்னதாவா இருக்கா?"

"ம்."

அவன் இன்னும் குனிந்தான். கண்ணை எடுக்காமலேயே கேட்டான்.

"கோவமா இருக்காளா?"

"இல்ல. அசந்து தூங்குதா."

"அப்பா வந்திருக்கேம்மா" என்றான் அவன் கண்ணாடிக்குள். மழை வலுத்து வராந்தாவில் இருந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவன் கண்ணீர் கண்ணாடியில் பட்டு வழிந்தது.

"மங்கலாத் தெரியுதே" என்றான். மனைவி செய்ததை அன்று வாசலிலிருந்து பார்த்திருந்தவன் ஆனதால் அவன் வலது கை மெதுவாகக் குமிழைத் தேடிப் போயிற்று.

சண்முகக்கனி அந்தக் கையைப் பிடித்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.